நாற்றுமேடையும் ஓடில்லா நத்தையும்: மாரி தொடங்குமுன் செய்யவேண்டியவை

ஐப்பசியில் முதல் மழை விழுந்த மூன்றாம் நாள் இரவு ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு வளவுக்குள் இறங்குவேன். திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் எங்கள் வளவு கடலுக்குக் கிட்ட, மணல் தரை. மழை நின்று ஒரு மணித்தியாலம் போனதும் கிணற்றடிச் சுவரிலும் வல்லாரைப் பாத்தியின் ஓரத்திலும் முருங்கையடியிலும் ஓடில்லா நத்தைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். போன மாரியில் ஒரே இரவில் 41 எண்ணினேன். அந்த இரவு என் மிளகாய் நாற்றில் ஒன்றுகூடப் போகவில்லை. எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன்.

கத்தரி, மிளகாய், தக்காளிக் கன்றுகள் போட்டு விற்பது என் தொழில். வல்லாரையும் பொன்னாங்காணியும் கட்டுக் கட்டிச் சந்தைக்குக் கொடுப்பேன். 14 வருடமாக இதைச் செய்கிறேன். முதல் ஐந்து வருடமும் நத்தையைக் கொல்வதிலேயே போயிற்று.

ஒரு தை மாதக் கடைசியில், மாமி சொன்னபடி வல்லாரைப் பாத்தியைச் சுற்றி உப்புத் தூவினேன். "தூவு பிள்ளை, கரைஞ்சு போயிடும்" என்றார். நத்தைகள் நுரை தள்ளிச் செத்தன. ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீராலான உடம்பு அது. உப்புப் பட்டால் அந்தத் தண்ணீரில் பெரும்பங்கு தோல்வழியே வெளியே இழுபட்டுவிடும். சரி, நத்தை செத்தது. ஆனால் மழை ஓய்ந்துவிட்டதால் உப்பைக் கழுவ வானத்திலிருந்து ஒரு துளியும் வரவில்லை. வல்லாரை இலைகளின் விளிம்பு கருகத் தொடங்கி, பங்குனிக்குள் பாதிப் பாத்தி போய்விட்டது. கரையோரக் கிணறுகளில் கோடையில் தண்ணீர் எப்படியும் சவர்த்துப் போகும். அதற்குமேல் நாங்களும் உப்புப் போடக் கூடாது.

அடுத்த மாரிக்கு ஒரு கடையில் நத்தைக் குளிகை வாங்கினேன். தவிட்டுடன் மெற்றல்டிஹைட் என்ற நஞ்சைச் சேர்த்து உருட்டியது. தவிட்டு வாசத்துக்கு எங்கள் வீட்டு நாய் அதைத் தின்றுவிட்டது. உடம்பெல்லாம் உதறி, சூடேறி, விடியுமுன் செத்துப்போனது. நாய்களுக்கு அந்த மருந்து அப்படித்தான் செய்யும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பிரித்தானியாவில் 2022 பங்குனிக் கடைசியோடு வெளித் தோட்டங்களில் அதைத் தடைசெய்துவிட்டார்கள். பறவைகளுக்கும் காட்டு விலங்குகளுக்கும் கேடு என்பதே காரணம். நாயை மாமரத்தடியில் புதைத்துவிட்டு, மிச்சக் குளிகையைக் கட்டித் தூரப்படுத்தினேன். அதன்பிறகு எங்கள் வளவில் நத்தைக்கு மருந்து வைத்ததில்லை.

அந்த மாரி முழுவதும் நான் செய்தது ஒன்றுதான். இரவில் போய்ப் பார்த்தேன்.

நத்தை எதைத் தின்கிறது

பார்த்ததில் எனக்குப் பெரிய ஆச்சரியம், நாற்றில் நின்றவற்றைவிட குப்பையில் நின்றவை பல மடங்கு அதிகம் என்பது. விழுந்து நொந்த பப்பாசிப்பழம், உதிர்ந்த முருங்கை இலை, பழுத்த பூசணியிலை, உக்கிய தென்னைமட்டையில் பிடித்த பூஞ்சணம், கோழி எச்சம், செத்துக் கிடந்த இன்னொரு நத்தை. அதன் வாயில் நாடாப்போல் ஒரு நாக்கு இருக்கிறது. அதில் ஆயிரக்கணக்கான நுண்பற்கள். தேங்காய்த் துருவியைப்போல் சுரண்டிச் சுரண்டித் தின்னும். காய்ந்த இலையை மண்புழுவும் பூஞ்சணமும் நுண்ணுயிர்களும் தொடங்கி உக்கவைக்க நாளாகும். நத்தை சுரண்டிக் கழித்ததோ ஈரமாக, பொடியாக, நுண்ணுயிர் நிறைந்து கிடக்கும். மண்ணுக்குள் இருப்பவை அதை உடனே எடுத்துக்கொள்ளும். எங்கள் மணல் தரைக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது இங்கே தோட்டம் செய்கிறவர்களுக்குத் தெரியும். எரு போட்டால் அடுத்த மழையில் கீழே இறங்கிவிடுகிற மண் இது. மேலே உக்கிக்கொண்டே இருக்கிற இலைப்படை ஒன்று எப்போதும் வேண்டும்.

பூஞ்சண வித்துகளையும் சில செடிகளின் விதைகளையும் நத்தை தன் வயிற்றில் சுமந்துபோய் வேறிடத்தில் போடும். தானும் பலவற்றுக்கு இரை. அதைக் கீழே விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் என் நாற்றைக் காப்பாற்றுவதில் பாதி வேலையை அவைதான் செய்கின்றன.

ஒன்றை மறைக்கக் கூடாது. எங்கள் வளவுகளில் அதிகம் காண்பது கறுத்துத் தட்டையாக, தோல்போலச் சொரசொரத்து, முதுகின் நடுவே வெளிறிய கோடு ஓடுகிற இனம். வளர்ந்தால் நடுவிரலைவிட நீளமாக வரும். அது ஆபிரிக்காவிலிருந்து பரவியது. ஓடுள்ள பெரிய ஆபிரிக்க நத்தையும் 1900 அளவில் இலங்கைக்கு வந்ததுதான். இவை இரண்டும் அளவு மீறிப் பெருகினால் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் இந்த நாட்டுக்கே உரிய நத்தைகள் வேறு. இலங்கையில் 200க்கும் மேற்பட்ட நில நத்தை இனங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் கிடையாது. ரத்னதுவீபியா என்று ஒரு வகை, ஓட்டைப் பாதி தொலைத்தது, தன் ஓட்டுக்குள் தானே அடங்க முடியாதது. அதுவும் இலங்கைக்கு மட்டுமே சொந்தம். கண்ணில் படுகிற எல்லாவற்றுக்கும் நஞ்சு வைத்தால் எது செத்தது என்றே தெரியாமல் போகும்.

முதலில், தின்றது யார் என்று பாருங்கள்

காலையில் நாற்று போயிருந்தால் உடனே நத்தை என்று முடிவெடுக்காதீர்கள். தண்டை நிலமட்டத்தில் வெட்டி, தலையை அப்படியே விழுத்திவிட்டுப் போயிருந்தால் அது வெட்டுப்புழு. அடிமண்ணை விரலால் கிளறினால் சுருண்டு கிடக்கும். இலையில் கடுகுபோல் கறுத்த எச்சம் கிடந்தால் வேறு புழு. கிழித்து இழுத்திருந்தால் கோழி. நத்தை தின்ற ஓட்டை ஒழுங்கில்லாமல், விளிம்பு சுரண்டியதுபோல் இருக்கும். பக்கத்தில் காய்ந்த எச்சில் தடம் வெயிலில் மினுங்கும். சந்தேகம் தீரவில்லையா, இரவு எட்டுக்கும் பத்துக்கும் இடையில் லைற்றோடு ஒருமுறை போய்ப் பாருங்கள். எனக்கு மூன்றில் ஒரு தடவை நத்தை இருக்காது.

என் பேரனையும் கூட்டிப்போவேன். "அம்மம்மா, இது எதாலை பாக்குது?" என்றான் முதல்நாள். நான்கு கொம்பில் மேலே உள்ள இரண்டின் நுனியில் கண். கீழேயுள்ள குட்டிக் கொம்புகள் மணமும் சுவையும் அறிய. கண் வெளிச்சம் இருட்டு அறிகிற அளவுக்குத்தான், வழியைக் காட்டுவது மணம். உக்குகிற பப்பாசி எங்கே இருக்கிறதோ அங்கே போகும். அடுத்த வேலை முழுவதும் இந்த ஒரு விசயத்தை வைத்துத்தான்.

உக்கல் மூலை

நாற்றுமேடையிலிருந்து குறைந்தது 15 அடி தள்ளி, நிழலான ஒரு மூலையைப் பிடியுங்கள். எனக்கு அது முருங்கையடி. அங்கே உக்கிய தென்னைமட்டை நாலைந்தை நெருக்கமாகப் பரவி, மேலே பழைய கிடுகு ஒன்றைப் போடுங்கள். சாக்கும் சரி. பிளாஸ்ரிக் உரப்பை வேண்டாம், அடியில் வெக்கை பிடிக்கும். இதற்குள் மரக்கறிக் கழிவைப் போட்டு வாருங்கள். பப்பாசித்தோல், பூசணிக்குடல், வாழைப்பழத்தோல், பழுத்த கீரை. மீன்கழிவு போட்டால் பூனையும் எலியும் வரும். எலி வருவது மிகவும் கூடாது, காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

புரட்டாதிக் கடைசியிலேயே இதைத் தொடங்கிவிடவேண்டும். முதல் மழைக்கு நத்தை வெளியே வரும்போது அந்த மணம் அங்கே தயாராக இருக்க வேண்டும். நாற்று முளைத்த பிறகு மூலை அமைத்தால், ஏற்கெனவே மேடைக்கு வந்து பழகியவை இடம் மாற நாளெடுக்கும். ஒருமுறை நான் அப்படிப் பிந்தினேன், கத்தரியில் ஒரு தட்டு முழுவதும் போனது.

இன்னொரு பழக்கத்தையும் விடவேண்டும். எங்கள் ஊரில் விடியக்காலையில் வளவைக் கூட்டி, சருகைக் குவித்து நெருப்பு வைப்போம். வெள்ளை மணல் முற்றம் கோடு கோடாக விளக்குமாற்றுத் தடத்தோடு கிடந்தால்தான் வீடு வீடாகத் தெரியும், அந்த அழகு எனக்கும் பிடிக்கும். முற்றத்தைக் கூட்டுங்கள். சருகை மட்டும் கொளுத்தாமல் மூலைக்குத் தள்ளுங்கள். வளவில் ஒரு சருகும் இல்லாவிட்டால் நத்தைக்குத் தின்ன மிஞ்சுவது உங்கள் நாற்றுத்தான். ஐந்து வருடமும் நான் கூட்டி எரித்துக்கொண்டு, நாற்றைத் தின்கிறது என்று நத்தையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சிரட்டை

இதுதான் எனக்கு அதிகம் கைகொடுத்த முறை. பாத்தி ஓரமாக மூன்றடிக்கு ஒன்றாகச் சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள். விளிம்பில் கத்தியால் பெருவிரல் அகலத்துக்கு ஒரு வாசல் வெட்டுங்கள். உள்ளே ஒரு துண்டுப் பூசணித்தோல். விடியும்போது ஈரமும் இருட்டும் தேடுகிற நத்தை அதற்குள் போய் ஒட்டிக்கொள்ளும். ஏழு மணிக்குள் சிரட்டையைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே இருப்பவற்றை ஈர்க்குக் குச்சியால் ஒரு வாளிக்குள் தட்டி, உக்கல் மூலையில் கொண்டுபோய் விடுங்கள். வெறுங்கையால் தொடவேண்டாம். தொட்டுவிட்டால் முதலில் காய்ந்த சாம்பலோ கடதாசியோ போட்டு எச்சிலைத் துடைத்துவிட்டுப் பிறகு சவர்க்காரம் போடுங்கள். முதலே தண்ணீர் ஊற்றினால் எச்சில் ஊறி இன்னும் வழவழக்கும்.

சிரட்டை எப்போதும் கவிழ்ந்தே இருக்கவேண்டும். நிமிர்ந்தால் மழைத்தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது இந்தப் பக்கமே நடுங்கியது. நாற்று மேசையின் கால்களைத் தண்ணீர்ப் பேணிக்குள் நிறுத்துவதும் நல்ல முறைதான், நத்தை ஏறாது, எறும்பும் ஏறாது. ஆனால் பேணியில் சவர்க்காரத் தண்ணீர் விட்டு, வாரத்தில் இரண்டுதரம் ஊற்றிவிட்டு மாற்ற முடியாவிட்டால் அதைச் செய்யாதீர்கள்.

கறுப்பு ஆபிரிக்க இனம் ஒரு காலையில் இருபதுக்கு மேல் சிரட்டைகளில் இருந்தால், அந்த இனத்தில் பெரியவற்றைப் பக்கத்து வளவுத் தாராக்களுக்குக் கொடுத்துவிடுவேன். தாரா ஆசையாகத் தின்னும். ஒரே நத்தையில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருப்பதால் ஒவ்வொன்றும் முட்டை போடக்கூடியது. அதனால் பெரியதைக் குறைத்தாலே போதும்.

முட்டைக்கோதை நொறுக்கிச் சுற்றிப் போடுவது, செப்புத் தகடு ஒட்டுவது என்று பலர் சொல்வார்கள். நான் இரண்டு மாரி முட்டைக்கோது போட்டேன், அதற்கு மேலாலேயே ஊர்ந்து போனது. பிரித்தானிய அரச தோட்டக்கலைச் சங்கம் செப்பு நாடா, முட்டைக்கோது, கூரான சரளைக்கல், பைன் மரப்பட்டை, கம்பளி உருண்டை ஐந்தையும் சோதித்து, எதுவும் பயிரைக் காக்கவில்லை என்று 2018இல் சொன்னது. அதே சங்கம் 2022இல் நத்தைகளைப் பீடை என்று வகைப்படுத்துவதையே நிறுத்திவிட்டது. அந்த நாட்டில் உள்ள 44 அளவான ஓடில்லா நத்தை இனங்களில் தோட்டப் பயிரைத் தின்பவை ஒன்பதுதான் என்கிறார்கள்.

தண்ணீரும் நேரமும்

காலையில் மட்டும் தண்ணீர் விடுங்கள். பின்னேரம் விட்டால் மண் இரவு முழுக்க ஈரமாக இருந்து நத்தைக்குப் பாதை போட்டுக் கொடுக்கும். மழை நாட்களில் இதனால் பயன் இல்லை, ஆனால் மாரியிலும் இடையிடையே நாலு நாள் வெளிக்கும். கன்றுகளை இரண்டிலைப் பருவத்தில் நிலத்துக்கு இறக்காதீர்கள். ஐந்தாறு இலை வந்து தண்டு சற்று வைரித்த பிறகு நடுங்கள். இளந்தண்டைத்தான் நத்தை ஒரே இரவில் முடிக்கும், வளர்ந்ததில் ஓர் இலையைக் கடித்தாலும் செடி தாங்கும்.

அதைத் தின்பவற்றுக்கு இடம் விடுங்கள்

செண்பகம். சிவந்த கண்ணோடு வேலியோரம் நடந்து நடந்து பொறுக்கும். பெரிய ஆபிரிக்க நத்தையையே உடைத்துத் தின்கிற பறவை இது. எங்கள் பூவரசம் வேலியை அடியோடு வெட்டித் தகரம் அடிக்கலாம் என்று மருமகன் கேட்டபோது நான் விடாததற்குக் காரணம் செண்பகந்தான்.

தேரை. கிணற்றடியில் உடைந்த பூச்சாடி ஒன்றைப் பாதி புதைத்துச் சரித்து வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக அதற்குள் ஒரு தேரை இருக்கிறது. பிள்ளைகள் கல்லெறிய விடமாட்டேன்.

மூஞ்சூறு. இதை எலி என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள். நீண்டு கூர்த்த மூக்கு, கீச்சென்ற சத்தம், ஒரு வாடை. பூச்சியும் புழுவும் நத்தையும்தான் அதன் சாப்பாடு.

பிறகு மின்மினி. பறக்கிற பூச்சியை எல்லோரும் பார்த்திருப்போம். அதன் குடம்பியை நான் கண்டது ஒரு மார்கழி இரவில், மதிலடியில் அடுக்கிக் கிடந்த கற்களுக்குள். நிலத்திலேயே ஒரு பொட்டு வெளிச்சம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. லைற் அடித்துப் பார்த்தேன். தட்டையான, கவசம் கவசமாக அடுக்கிய கறுத்த புழு, தன்னைவிடப் பெரிய நத்தையைக் கடித்துக்கொண்டு கிடந்தது. கடித்து நஞ்சை ஏற்றி அசையாமல் செய்து, கரைத்துக் குடிக்கும். அன்றைக்கு நான் மதிலடிக் கற்களை அள்ளிப்போட ஆள் பிடித்து வைத்திருந்தேன். அடுத்தநாள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். நத்தை இல்லாத வளவில் அந்த வெளிச்சமும் இருக்காது. நத்தைக்கு நஞ்சு வைத்தால் அதைத் தின்கிற குடம்பிக்கும் அது போய்ச் சேரலாம்.

கல் குவியலையும் சருகுக் குவியலையும் மதிலோரம் ஒரு முழ அகலத்துக்கு விட்டுவையுங்கள். பூரானும் வரும், அதனால் அதற்குள் கைவிடும்போது கவனம்.

வல்லாரை கழுவுவது

இதைத் தவறவிடாமல் வாசியுங்கள். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு நுண்புழு, எலியின் எச்சத்தோடு வெளியே வந்து நத்தைக்குள் போய் வளரும். அந்த நத்தையோ அதன் துண்டோ பச்சை இலையோடு மனிதர் வயிற்றுக்குள் போனால் மூளையைச் சுற்றிய சவ்வில் அழற்சி வரலாம். இலங்கையிலும் இந்த நோய் கண்டறியப்பட்டிருக்கிறது. எலி கூடாது என்று முன்னே சொன்னது இதற்குத்தான். நாங்கள் வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போடுகிறவர்கள், ஆகையால் பயப்படாமல், ஆனால் ஒழுங்காகச் செய்யவேண்டும்.

வல்லாரையைக் கட்டோடு தண்ணீரில் அமிழ்த்தி எடுப்பது கழுவுவது ஆகாது. வேரையும் நிலத்தோடு கிடந்த தண்டையும் வெட்டி எறியுங்கள். இலையை ஒவ்வொன்றாக, அடிப்பக்கம் திருப்பி, ஓடுகிற தண்ணீரில் விரலால் தேயுங்கள். குட்டி நத்தை அரிசியளவுதான் இருக்கும், இலை மடிப்புக்குள் ஒட்டிக் கிடக்கும். ஓட்டையும் எச்சில் தடமும் உள்ள இலைகளை நான் சந்தைக் கட்டில் வைப்பதில்லை, கோழிக்கும் போடாமல் மூலைக்கே போடுவேன். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் போதும் என்று நம்பாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நான் கஞ்சியாகக் காய்ச்சியோ வறையாகவோதான் கொடுக்கிறேன், நன்றாக வெந்தால் அந்தப் புழு செத்துவிடும். பச்சை இலை சாப்பிட்ட சில நாட்களிலோ வாரங்களிலோ தாங்க முடியாத தலையிடி, கழுத்து இறுக்கம், தோலில் ஊசி குத்துவதுபோல் உணர்வு வந்தால் ஆசுபத்திரிக்குப் போய், என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தைக்குப் பிறகு

மழை ஓய்ந்ததும் நத்தை மறைந்துவிடும். கல்லுக்கடியிலும் மட்டைக்கடியிலும் மண்வெடிப்புக்குள்ளும் சுருண்டு, வைகாசியில் தொடங்கும் கச்சான் காற்று முழுவதையும் அசையாமல் கழிக்கும். இந்த நேரத்தில் உக்கல் மூலையைக் கிளறவேண்டாம். மேலே உள்ள கிடுகை மட்டும் புதிதாக மாற்றி, கிழமைக்கு ஒருதரம் ஒரு வாளி பாத்திரம் கழுவிய தண்ணீர் ஊற்றுங்கள், சவர்க்காரம் சேராததாக. மண்புழுவும் அங்கேதான் ஒதுங்கியிருக்கும். ஆவணியில் அடியில் இருக்கும் கறுத்த மண்ணை ஒரு பக்கத்தால் மட்டும் அள்ளி நாற்றுத் தட்டுக்கு எடுப்பேன், சல்லடையில் அரித்து, இரண்டு நாள் வெயிலில் பரவி. அரிக்கும்போது கண்ணாடி மணிபோல ஒட்டிக்கொண்ட முட்டைக் கொத்துகள் கிடைக்கும். நாற்றுத் தட்டுக்குள் போகாமல் அவற்றைப் பொறுக்கி எடுத்து, மறுபக்கத்தில் மட்டைக்குக் கீழே வைத்து மூடிவிடுவேன்.